லேப்பில் விற்கும் கோவிட் ஆன்டிபாடி டெஸ்ட்: யாருக்குத் தேவை, யாருக்கு வீண்

ஒரே பெயரில் இரண்டு டெஸ்ட் விற்கிறார்கள். கோவிட் ஆன்டிபாடி டெஸ்ட் மீது நாங்கள் சொல்லும் முதல் குறை இதுதான். விலைப்பட்டியலில் "கோவிட் ஆன்டிபாடி" என்று ஒற்றை வரி இருக்கும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவருக்கும் பெரும்பாலும் அதற்கு மேல் தெரியாது. அந்த வரிக்குப் பின்னால் இருப்பது வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் கிட்டாக இருக்கலாம், அதன் மேற்பரப்பில் முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்துக்கு எதிரானதைத் தேடும் கிட்டாகவும் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். மாற்றி எடுத்தால் பணம் போவதோடு நிற்காது, ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் புரிந்துகொள்வீர்கள்.

நியூக்ளியோகேப்சிட் டெஸ்ட், "எனக்குத் தொற்று வந்து போயிருக்கிறதா?" என்ற கேள்விக்கு. கோவிஷீல்டு, ஸ்புட்னிக், கோர்பிவாக்ஸ், ஃபைசர், மாடர்னா எல்லாமே ஸ்பைக் புரதத்தை அல்லது அதன் ஒரு துண்டை மட்டும்தான் உடம்புக்குக் காட்டுகின்றன. அதனால் இவற்றில் எத்தனை டோஸ் போட்டிருந்தாலும், தொற்று வராதவருக்கு நியூக்ளியோகேப்சிட் நெகட்டிவ்தான் வர வேண்டும். ஸ்பைக் டெஸ்ட் அப்படியில்லை. ஊசிக்கும் பாசிட்டிவ் காட்டும், தொற்றுக்கும் காட்டும். கோவிஷீல்டு போட்டுக்கொண்டு நியூக்ளியோகேப்சிட் டெஸ்ட் எடுத்துவிட்டு "ஊசி வேலை செய்யவில்லையே" என்று பதறினால் அது ஊசியின் குற்றமில்லை. 2021 மே மாதம் லக்னோவில் ஒருவர், ஊசி போட்டும் ஆன்டிபாடி வரவில்லை என்று போலீசில் புகார் கொடுக்கும் அளவுக்கு இந்த டெஸ்ட் மீது அப்போது நம்பிக்கை ஏறியிருந்தது.

கோவாக்சின் போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது செயலிழக்கச் செய்த முழு வைரஸ். அதில் நியூக்ளியோகேப்சிட்டும் இருக்கிறது, ஸ்பைக்கும் இருக்கிறது. ஆக, தொற்றே வராதவருக்கும் நியூக்ளியோகேப்சிட் பாசிட்டிவ் வரலாம். வந்தது ஊசியாலா, தொற்றாலா என்று எந்த லேப்பாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இலங்கையில் பெரும்பாலானோர் போட்ட சினோஃபார்மும் இதே வகைதான், மலேசியாவில் பலர் போட்ட சினோவாக்கும் அப்படியே. இவர்கள் "தொற்று வந்ததா?" என்று கண்டுபிடிக்க இந்த டெஸ்ட்டுக்குப் பணம் கட்டவே வேண்டாம்.

ஸ்பைக் வகை ஊசி போட்டவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஊசி போட்ட பிறகு வரும் தொற்று பலருக்கு லேசாக முடிந்துவிடுகிறது, நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி உருவாகும் அளவுக்குப் போவதில்லை. மாடர்னா ஊசியின் பெரிய அமெரிக்கப் பரிசோதனையில், தொற்று உறுதியானவர்களில் வெற்று ஊசி போட்டவர்களில் 93 சதவீதம் பேருக்கு நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி வந்தது. உண்மையான ஊசி போட்டவர்களில் 40 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "எனக்குக் கோவிட் வந்ததே இல்லை" என்று சொல்லிக்கொள்வதற்கு அர்த்தமில்லை.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்

அதிகம் குழப்புவது இந்தப் பகுதிதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரே வாரத்தில் கணவர் ஒரு லேப்பில் கொடுக்கிறார், மனைவி இன்னொரு லேப்பில். அவருக்கு 5,000, இவருக்கு 700. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "அப்பாவுக்கு ஏழு மடங்கு எதிர்ப்பு சக்தி" என்று ஓடும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் இருக்கும் யூனிட்டைப் பாருங்கள். முதலாவது அபாட் நிறுவனத்தின் ஐஜிஜி-2 குவான்ட் கிட், யூனிட் ஏ.யு/மி.லி. இரண்டாவது ரோஷின் எலெக்சிஸ் ஸ்பைக் கிட், யூனிட் வெறும் யு/மி.லி. உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் ஒரு பொது அளவுகோலை வகுத்தது. அதன் யூனிட் பி.ஏ.யு. அபாட் எண்ணை 0.142-ஆல் பெருக்கினால் பி.ஏ.யு கிடைக்கும்; 5,000 என்பது 710. ரோஷ் எண் கிட்டத்தட்ட அப்படியே பி.ஏ.யு தான். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இப்படி மாற்றினாலும் முழுசாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாசிட்டிவ் என்று சொல்லும் எல்லையே கிட்டுக்குக் கிட் வேறு. ரோஷில் 0.8 யூனிட், அபாட்டில் 50 ஏ.யு (அதாவது சுமார் 7 பி.ஏ.யு), டயாசோரினின் டிரைமெரிக் கிட்டில் 33.8 பி.ஏ.யு. கணக்குக்கு 20 பி.ஏ.யு என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டில் பாசிட்டிவ், மூன்றாவதில் நெகட்டிவ். ஏன் இப்படி? ரோஷ் கிட் ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ என எல்லா வகை ஆன்டிபாடிகளையும் சேர்த்துப் பிடிக்கும். ஆன்டிபாடியின் இரண்டு கைகளும் ஆன்டிஜெனை, அதாவது கிட்டில் உள்ள வைரஸ் புரதத்தை, பிடித்தால்தான் எண்ணும். அதனால் நாள் ஆக ஆக முதிர்ந்து, இறுக்கிப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை அதிகமாகக் காட்டும். அபாட் ஐஜிஜியை மட்டும் அளக்கும். அதே ஆளுக்கு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அபாட்டில் இறங்கியிருக்கும், ரோஷில் அப்படியே நிற்கும், சில சமயம் ஏறிக்கூட இருக்கும். உடம்பு ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

இன்னொரு பொறி: ">250" என்று அச்சான ரிப்போர்ட். ரோஷ் ஸ்பைக் கிட் நேரடியாக அளக்கும் எல்லை 0.4 முதல் 250 வரை. அதற்கு மேல் இருந்தால் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை) நீர்த்து மறுபடி ஓட்ட வேண்டும். சில லேப்கள் அதைச் செய்வதில்லை, ">250" என்றே அனுப்பிவிடும். இரண்டு மாதம் கழித்து நீர்த்து ஓட்டும் லேப்பில் 1,800 வந்தால், ஏறியிருக்கிறது என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. முதல் தடவையே 3,000 இருந்திருக்கலாம். ஏற்ற இறக்கம் பார்க்க வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால், ஒரே லேப், ஒரே கிட், நீர்த்து ஓட்டிய எண். இல்லையென்றால் வேண்டாம்.

நியூக்ளியோகேப்சிட் கிட்களில் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். ரோஷில் கட்-ஆஃப் இன்டெக்ஸ் 1, அபாட்டின் பழைய கிட்டில் 1.4. தாண்டினால் பாசிட்டிவ், அவ்வளவுதான். 60 என்று வந்தால் 30-ஐ விட இரண்டு மடங்கு பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. இந்த இரண்டில் எங்கள் தேர்வு ரோஷ். அபாட் நியூக்ளியோகேப்சிட் ஐஜிஜி சில மாதங்களிலேயே பலருக்கு எல்லைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ரோஷ் அதைவிட நீண்ட காலம் பாசிட்டிவாக நிற்கிறது.

"நான் பாதுகாப்பாக இருக்கிறேனா?"

டெஸ்ட் எடுக்க வருபவர்களில் பெரும்பாலானோர் கேட்க வருவது இதைத்தான். இதற்கு இந்த டெஸ்ட்டிடம் பதில் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2021 மே 19 அன்றே, ஊசிக்குப் பிறகான பாதுகாப்பை மதிப்பிட ஆன்டிபாடி டெஸ்ட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. "இவ்வளவு இருந்தால் போதும்" என்ற எண்ணைத் தேடாமல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு குழு 2021-இல், ஆஸ்ட்ராசெனகா ஊசி (இந்தியாவில் கோவிஷீல்டு) போட்டவர்களுக்கு 264 பி.ஏ.யு இருந்தால் அறிகுறியுள்ள தொற்றிலிருந்து 80 சதவீதப் பாதுகாப்பு என்று கணக்கிட்டது. ஆனால் அது ஆல்ஃபா வகைக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒமிக்ரான் வந்து, ஆயிரக்கணக்கில் எண் வைத்திருந்தவர்களையும் பிடித்தது. கிட்களுக்குள் இருக்கும் ஸ்பைக் துண்டு பெரும்பாலும் பழைய வூஹான் வைரஸினுடையது. இன்று சுற்றும் வைரஸை உங்கள் ஆன்டிபாடி எப்படிப் பிடிக்கும் என்று அதற்குத் தெரியாது. வைரஸை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பு அணுக்களான நினைவு பி செல், டி செல் எதையும் அது அளப்பதில்லை. தொற்று கடுமையாகாமல் தடுப்பதில் டி செல்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

"நியூட்ரலைசிங் ஆன்டிபாடி" (வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி) என்று கூடுதல் விலைக்கு வைத்திருப்பதும் இந்தப் பிரச்சினையைத் தீர்க்காது. சிங்கப்பூரில் உருவான சி-பாஸ் போன்ற கிட்கள், ஸ்பைக்கின் நுனியான ஆர்.பி.டி பகுதி, நம் செல்லில் வைரஸ் நுழையும் கதவான ஏ.சி.இ-2 ஏற்பியோடு ஒட்டுவதை உங்கள் சீரம் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று காட்டும். 30 சதவீதம் எல்லை. உயிருள்ள வைரஸ் இல்லாமலே செய்யலாம் என்பதால் ஆராய்ச்சிக்கு நல்ல கருவி. ஆனால் 92 சதவீதம் தடுப்பு என்று ரிப்போர்ட்டில் வந்தால், 92 சதவீதப் பாதுகாப்பு என்று வாசிக்காமல் இருப்பவர் குறைவு.

பூஸ்டர் போடலாமா என்பதையும் இந்த எண் தீர்மானிக்காது. இந்தியாவில் முன்னெச்சரிக்கை டோஸ் 2022 ஜனவரியில் தொடங்கியபோது இடைவெளி 9 மாதம், ஜூலையில் 6 மாதமாகக் குறைத்தார்கள். எந்தக் கட்டத்திலும் ஆன்டிபாடி ரிப்போர்ட் கேட்கப்படவில்லை.

தப்பான பாசிட்டிவ், தப்பான நெகட்டிவ்

புனே தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கி சைடஸ் தயாரித்த கவச் எலைசா கிட் 2020 மே மாதம் வந்தது. இரண்டரை மணி நேரத்தில் 90 சாம்பிள் பார்க்கலாம். உணர்திறன் (தொற்று வந்தவரைப் பிடிப்பது) 92.37 சதவீதம், தனித்தன்மை (வராதவருக்கு நெகட்டிவ் காட்டுவது) 97.9 சதவீதம் என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஊரில் நூற்றில் ஒருவருக்குத்தான் தொற்று வந்திருக்கிறது என்றால் 10,000 பேரில் என்ன ஆகும் என்று பாருங்கள். தொற்று வந்த 100 பேரில் 92 பேர் பாசிட்டிவ். வராத 9,900 பேரில் 2.1 சதவீதம், அதாவது 208 பேரும் பாசிட்டிவ். மூன்று பாசிட்டிவில் இரண்டு பொய். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்திய முதல் தேசிய சீரோ ஆய்வில் (மக்களில் எத்தனை பேருக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்று பார்க்கும் ரத்த ஆய்வு), கவச்சில் பாசிட்டிவ் வந்த சாம்பிள்களை எல்லாம் வேறொரு எலைசா கிட்டில் மறுபடி சோதித்தது இதனால்தான். அப்படிக் கழித்துத் திருத்திய பிறகு கிடைத்த எண் 0.73 சதவீதம்.

இப்போது நிலைமை தலைகீழ். 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது ஆய்விலேயே 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அதற்குப் பிறகு ஒமிக்ரான் வேறு. 10,000 பேரில் 9,500 பேருக்கு ஆன்டிபாடி இருக்கிறது, கிட் அதில் 97 சதவீதத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 285 பேருக்குப் பொய் நெகட்டிவ் வரும். உண்மையிலேயே இல்லாதவர்கள் 500 பேர்தான். நெகட்டிவ் ரிப்போர்ட்டில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் நம்ப முடியாதது. பாசிட்டிவ் வந்தாலோ, ஊரோடு ஒத்த செய்தி. இதற்குத்தானா காசு?

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கார்டு டெஸ்ட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த ரேபிட் ஆன்டிபாடி கிட்களின் முடிவுகள் மாநிலத்துக்கு மாநிலம் தாறுமாறாக வந்ததால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் அவற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னது. தமிழ்நாடு பெற்ற 24,000 கிட்களும் அதில் சேர்த்தி. முடக்குவாதக் காரணி (ரூமட்டாய்டு ஃபேக்டர் என்ற ஆன்டிபாடி) ரத்தத்தில் உள்ளவர்களுக்கு ஐஜிஎம் கோடு பொய்யாகத் தெரிவது இந்த வகையில் பழைய வியாதி. அதே ஆண்டு சிங்கப்பூரில் கோவிட் நோயாளிகள் இருவருக்கு டெங்கு ரேபிட் டெஸ்ட் பொய்யாக பாசிட்டிவ் காட்டியதும் பதிவாகியிருக்கிறது. டெங்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊர்களில் கார்டை நம்பி முடிவெடுப்பது ஆபத்து.

எடுத்தே ஆக வேண்டும் என்றால்

அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. குறைந்தது 14 நாள், மூன்று நான்கு வாரம் ஆனால் நல்லது. ஊசிக்குப் பிறகும் கடைசி டோஸிலிருந்து இரண்டு வாரமாவது விடுங்கள். இப்போது காய்ச்சல் இருக்கிறது, கோவிட்டா என்று பார்க்க வேண்டும் என்றால் இது அதற்கான டெஸ்ட்டே இல்லை. மூக்கில் எடுக்கும் ஆன்டிஜென் அல்லது ஆர்டிபிசிஆர் தான்.

வெறும் வயிறு தேவையில்லை. மஞ்சள் மூடியுள்ள ஜெல் டியூபில் 2 அல்லது 3 மி.லி. ரத்தம் போதும். எடுத்தவுடன் டியூபை நான்கைந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. அரை மணி நேரம் உறையவிட்டுத்தான் சென்ட்ரிஃபியூஜில் போட வேண்டும். ஆன்டிபாடி சட்டென்று கெட்டுப்போகும் பொருளில்லை. வெயிலில் பைக் பெட்டியில் வந்தாலும் பொட்டாசியம் போல எண் உடனே தாறுமாறாகாது. ஆனால் சரியாக உறையாத சீரத்தில் ஃபைப்ரின் நூல் மிதக்கும். மெஷினின் ஊசி அதை உறிஞ்சினால் சாம்பிள் அளவு குறைந்து எண்ணும் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு உறைய இன்னும் நேரமாகும். ரத்தம் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முடி கொட்டுவதற்காக 5, 10 மி.கி. பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது 8 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுங்கள். எலெக்சிஸ் வகை கிட்களில் ஆன்டிபாடியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியே பயோட்டின்தான். ரத்தத்தில் அது மிதமிஞ்சியிருந்தால் கொக்கியின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், எண் பொய்யாக இறங்கும். புதிய கிட்கள் இதை நன்றாகவே தாங்குகின்றன என்றாலும், ஒரு நாள் மாத்திரையைத் தள்ளிப்போடுவதில் நஷ்டமில்லை.

உண்மையில் பயன்படும் இடங்கள் சில உண்டு. குழந்தைக்குக் கோவிட் வந்து இரண்டு முதல் ஆறு வாரத்தில் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தோல் தடிப்பு என்று வந்தால், உடம்பின் பல உறுப்புகளைத் தாக்கும் எம்ஐஎஸ்-சி அழற்சியா என்று பார்க்க டாக்டரே இதைக் கேட்பார். பாசிட்டிவ் மட்டும் போதாது, நெகட்டிவ் வந்தால் வேறு காரணத்தைத் தேட உதவும். இங்கே ஒரு முக்கியமான விஷயம்: சிகிச்சையாக ஐவிஐஜி ஏற்றுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஆன்டிபாடி. ஏற்றிய பிறகு எடுத்தால் தெரிவது ஊராரின் ஆன்டிபாடிதான். ஆய்வகத்தில் தயாரித்த ஆன்டிபாடி மருந்தான மோனோகுளோனல் ஆன்டிபாடி காக்டெயில் ஏற்றியவர்களுக்கும் ஸ்பைக் எண் மாதக்கணக்கில் எகிறியே நிற்கும்.

சிறுநீரகம், கல்லீரல் மாற்று அறுவை செய்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் இன்னொரு பிரிவு. 2021-இல் அமெரிக்காவில் உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைப் பார்த்ததில், ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசி இரண்டு டோஸுக்குப் பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் ஸ்பைக் ஆன்டிபாடி வந்திருந்தது. இவர்களுக்கு அடுத்த டோஸை எப்போது போடுவது, காய்ச்சல் வந்தால் எவ்வளவு சீக்கிரம் வைரஸ் மருந்து தொடங்குவது என்று யோசிக்க, சிகிச்சை தரும் டாக்டருக்கு இந்த எண் ஒரு தகவல். அவர் கேட்டால் எடுங்கள், அவரே சொல்லும் லேப்பில். ஸ்பைக் டெஸ்ட்தான் வேண்டும், எண்ணோடு வேண்டும்.

மற்றவர்களுக்கு, குறிப்பாக மாஸ்டர் ஹெல்த் செக்-அப் பேக்கேஜில் "இலவசமாக" சேர்த்துத் தருகிறோம் என்று கேட்பவர்களுக்கு, எங்கள் மதிப்பீடு: வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தக் காசுக்கு மூன்று மாத சர்க்கரை அளவான எச்பிஏ1சி கேளுங்கள். கட்டாயம் எடுப்பதென்றால் பில் போடுவதற்கு முன் கவுண்டரில் மூன்று விஷயம் கேளுங்கள்: நியூக்ளியோகேப்சிட்டா ஸ்பைக்கா, எந்த நிறுவனக் கிட், எல்லையைத் தாண்டினால் நீர்த்து ஓட்டுவீர்களா. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாதது தப்பில்லை, உள்ளே லேப் டெக்னீஷியனிடம் கேட்டுச் சொல்லட்டும். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால் அங்கே கொடுக்க வேண்டாம். கிட் பெயரும் யூனிட்டும் அச்சாகாத ரிப்போர்ட்டை எந்த டாக்டரிடம் நீட்டினாலும் அவரால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.